நரகத்தில் ஒரு சத்திரம்

படங்கள் ஆடுவதும் பாடுவதும் நம் மண்ணுக்குப் புதியவை அல்ல. திரையரங்கும் தொலைக்காட்சியும் வருவதற்கு வெகு காலம் முன்பே, அறுவடை முடிந்த நாட்களில், ஊர்ப் பொட்டலில் கழிகளை நட்டு, வெள்ளைத் துணி கட்டி, அதன் பின்னே விளக்கேற்றி, தோல்பாவைக் கூத்தர்கள் தங்கள் உலகத்தை விரித்தார்கள். ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி, உருவங்களாக வெட்டி, துளையிட்டு, வண்ணம் தீட்டிய பாவைகள் அந்தத் துணியின்மேல் நடந்தன, அழுதன, சண்டையிட்டன. ஆர்மோனியமும் மிருதங்கமும் தாளமும் கூட ஒலிக்க, அத்தனை பாத்திரங்களுக்கும் ஒரே மனிதர் குரல் கொடுத்தார், அவரே பாடினார். மராத்தியர் ஆட்சிக் காலத்தில் தமிழகம் வந்த மண்டிகர் குலத்தார் இக்கலையைத் தென் தமிழகமெங்கும் ஊர் ஊராகச் சுமந்து சென்றனர்.

அது சிறுவர்களுக்கான விளையாட்டு என்று எவரும் எண்ணியதில்லை. இராமாயணம் பல இரவுகள் தொடர்ந்து நடக்கும். பஞ்சத்தில் தன் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளிய நல்லதங்காளின் கதை நடக்கும்போது திரைக்கு முன்னே அமர்ந்திருந்த பெண்கள் விம்மி அழுதார்கள். நடுநடுவே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் தோன்றி, கொச்சையும் கேலியுமாகப் பேசி, பெரியவர்களைச் சிரிக்க வைத்தார்கள். பாவம், பழி, பசி, இழப்பு என்று பகலில் வாய்விட்டுப் பேச முடியாதவற்றையெல்லாம் அந்த நிழல்கள் இரவில் பேசின.

இன்று அந்தத் துணித்திரை சுருங்கி, நம் இளையோரின் உள்ளங்கைக்குள் வந்துவிட்டது. இசையும் அசையும் படமும் கலந்த நாடகங்கள் உலகின் எந்த மூலையிலிருந்தும் அதில் வந்து சேர்கின்றன. நம் மாவட்டத்துக்கும் இந்தக் கலையோடு ஓர் உறவு உண்டு. 2007-ஆம் ஆண்டு வெளியான ‘இனிமே நாங்கதான்’ என்ற தமிழ் முப்பரிமாண அசைபடத்துக்கு இசையமைத்தவர் நம் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா. ஆயினும் இந்தக் கட்டுரையில் நாம் பேச விழைவது வேறொரு படைப்பைப் பற்றி. தேனியிலும் போடியிலும் கம்பத்திலும் கல்லூரி செல்லும் பிள்ளைகள் சிலரின் குறிப்பேட்டுப் பின்பக்கங்களில் அதன் உருவங்களை நாம் கண்டிருக்கிறோம். பெற்றோர் சிலர் கவலையோடு எம்மிடம் அதைப்பற்றிக் கேட்டும் இருக்கிறார்கள். அதன் பெயர் ‘ஹாஸ்பின் ஹோட்டல்’.

பெயரிலேயே ஒரு சொல் விளையாட்டு இருக்கிறது. ஒரு காலத்தில் சிறந்திருந்து இன்று மதிப்பிழந்தவரை ஆங்கிலத்தில் ‘ஹாஸ் பீன்’ என்பார்கள். நம் வழக்கில் சொன்னால், ‘வாழ்ந்து கெட்டவர்கள் விடுதி’. எல் சால்வதோர் வழிவந்த அமெரிக்க ஓவியர் விவியன் மெட்ரானோ இதை உருவாக்கினார். 2019 அக்டோபரில் இதன் முன்னோட்ட அத்தியாயம் யூடியூப் வழியாக வெளிவந்தது. பெரிய நிறுவனம் எதுவும் அப்போது பின்னால் நிற்கவில்லை. அவருடைய ஓவியங்களை விரும்பிய எளிய ரசிகர்கள் அனுப்பிய சிறு தொகைகளே பெரும்பாலும் அதற்கு முதலாயின. பின்னர் 2024 ஜனவரியில் பிரைம் வீடியோவில் எட்டு அத்தியாயங்கள் கொண்ட முதல் பருவமும், 2025 அக்டோபர் முதல் இரண்டாம் பருவமும் வந்தன. சாம் ஹாஃப்ட், ஆண்ட்ரூ அண்டர்பர்க் ஆகிய இருவரும் பாடல்களை இயற்றினர். அத்தியாயத்துக்கு ஏறத்தாழ இரண்டு பாடல்கள். கதையின் திருப்பங்கள் பலவும் பாட்டிலேயே நிகழ்கின்றன.

கதை நடக்கும் இடம் நரகம். லூசிபரின் மகள் சார்லி அங்கே இளவரசி. நரகத்தில் கூட்டம் பெருகிவிட்டதென்று ஆண்டுக்கொருமுறை விண்ணகத்திலிருந்து ஒரு படை இறங்கி வந்து, பாவிகளை வெட்டிக் குறைத்துச் செல்கிறது. இதைக் காணப் பொறுக்காத சார்லி ஒரு விடுதியைத் திறக்கிறாள். தண்டனை பெற்ற ஆன்மாக்கள் அங்கே வந்து தங்கித் திருந்தட்டும், திருந்தியவர்கள் விண்ணகம் செல்லட்டும் என்பது அவள் ஆசை. நரகமே அவளைப் பார்த்துச் சிரிக்கிறது, விண்ணகமும் சிரிக்கிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இது சிறுவர்களுக்கான படம் அன்று. வசைச் சொற்கள் ஏராளம், இரத்தம் ஏராளம், பாலியல் பேச்சும் உண்டு. தன் ஆன்மாவையே ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, ஆபாசப் படங்களில் நடித்துச் சீரழியும் ஏஞ்சல் டஸ்ட் என்ற பாத்திரத்தின் துன்பம் வயது வந்தவர் மனத்தையும் கலக்கும். பொம்மைப் படம்தானே என்று எண்ணிச் சிறுபிள்ளைகள் கையில் இதைக் கொடுத்துவிடக் கூடாது. ஆனால் வயது வந்த பிள்ளைகள் பார்க்கும்போது, ‘சாத்தான் படம்’ என்ற ஒரு சொல்லோடு நாம் கதவை அடைத்துவிட்டால், அந்தக் கதை எழுப்பும் கேள்வியையும் சேர்த்து வெளியே தள்ளியவர்கள் ஆவோம். தண்டனை பெற்ற ஒருவன் மாற முடியுமா என்பதே அந்தக் கேள்வி. அது நமக்கு அந்நியமான கேள்வியா?

இப்படத்தைச் சுற்றி மற்றொரு நிகழ்வும் உண்டு. உலகெங்கும் உள்ள இளையோர் இதன் பாத்திரங்களைத் தாங்களே மீண்டும் மீண்டும் வரைகிறார்கள். ‘ஃபேன் ஆர்ட்’ என்று அதைச் சொல்கிறார்கள். நாம் ரசிக ஓவியம் எனலாம். எவரும் கூலி தருவதில்லை, எவரும் கேட்பதுமில்லை. கதையில் வராத காட்சிகளைக்கூட அவர்கள் வரைகிறார்கள். கதையில் அழுபவரைச் சிரிக்க வைத்து வரைகிறார்கள். தனித்து நிற்பவருக்குத் துணை ஒருவரை அருகில் நிறுத்துகிறார்கள்.

தமிழருக்கு இது விளங்காத செயல் அன்று. ஃபிளெக்ஸ் பதாகைகள் வருவதற்கு முன், திரையரங்க வாசல்களில் பேனர் ஓவியர்கள் சாரத்தில் ஏறி நின்று நாயகர்களின் முகங்களை ஆள் உயரத்துக்கும் மேலாகத் தீட்டினார்கள். ரசிகர் மன்றத்தார் தாமே தூரிகை பிடித்துத் தெருச் சுவர்களில் எழுதினார்கள். மேலை நாட்டிலும் இதற்கு நெடிய மரபு உண்டு. தாந்தே தம் காவியத்தில் நரகத்தைப் பாடிய பின், அந்த நரகத்தை வரையாமல் ஓவியர்களால் இருக்க முடியவில்லை. 15-ஆம் நூற்றாண்டில் போத்திச்செல்லி வரைந்தார். 1861-இல் குஸ்தாவ் தொரே தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டு நரகப் படங்களை நூலாக வெளியிட்டார்; அவருடைய விவிலியப் படங்கள் பின்னாளில் எத்தனையோ கிறிஸ்தவ இல்லங்களில் இடம்பெற்றன. உரோமையில் சிஸ்டைன் சிற்றாலயத்தில், 1541-இல் மைக்கலாஞ்சலோ முடித்த இறுதித் தீர்ப்பு ஓவியத்தின் அடிப்பகுதியைப் பாருங்கள். அங்கே படகோட்டும் காரோனும், வாலைச் சுற்றிக்கொண்டு நிற்கும் மீனோசும் விவிலியத்திலிருந்து வந்தவர்கள் அல்லர். தாந்தேயின் நரகத்திலிருந்து வந்தவர்கள். ஒரு பெரிய கலைஞர் தாம் நேசித்த நூலுக்கு வரைந்த ரசிக ஓவியம் திருத்தந்தையின் சிற்றாலயச் சுவரிலேயே இருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

அதே ஓவியத்தைப் பற்றி வசாரி ஒரு செய்தி எழுதி வைத்திருக்கிறார். ஓவியத்தில் ஆடையற்ற உருவங்கள் இருப்பதைத் திருத்தந்தையின் சடங்கு அலுவலர் பியாஜோ என்பவர் குறை கூறினாராம். மைக்கலாஞ்சலோ அவருடைய முகத்தையே மீனோசுக்கு வைத்துவிட்டாராம். நாம் வெறுப்பவரை நரகத்தில் வரைவது எளிது. நம் மனத்துக்குள் அவ்வாறு எத்தனை முகங்களை வரைந்து வைத்திருக்கிறோம்! ஆனால் தாந்தே தம் காவியத்தின் ஓரிடத்தில் வேறு விதமாக நடந்துகொள்கிறார். தகாத காதலால் தண்டனை பெற்ற பிரான்செஸ்காவின் கதையைக் கேட்டதும் இரக்கம் தாளாமல் மயங்கி விழுகிறார். அவளையும் அவள் காதலனையும் பின்வந்த ஓவியர்களும் சிற்பிகளும் எத்தனையோ முறை படைத்துவிட்டார்கள். ஒருவரின் முகத்தை மணிக்கணக்கில் உற்று நோக்கி வரைந்தவனுக்கு, அவரை வெறும் ‘பாவி’ என்ற சொல்லாக மட்டும் பார்ப்பது கடினமாகிவிடுகிறது.

இதை நாம் நூல்களிலிருந்து மட்டும் கற்கவில்லை. எம் உறவு வீடு ஒன்றிலேயே கண்டோம்.

எம் தங்கையின் கணவர் கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை பயிரிட்டவர். 1832-இல் பிரெஞ்சுக் குருவானவர் ஒருவர் தமிழகத்துக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பன்னீர்த் திராட்சை அது. 2023-இல் ‘கம்பம் பன்னீர்த் திராட்சை’ என்று புவிசார் குறியீடும் பெற்றது. கல்தூண் நட்டுக் கம்பிப் பந்தல் போட்டு, கவாத்து செய்து, மருந்தடித்து, காய் பழுக்கும் வரை கண்விழித்துக் காக்க வேண்டிய பயிர். பழுத்த நேரத்தில் மழை பெய்தால் பழம் வெடித்துவிடும். வெடித்த பழத்தை வியாபாரி தொடமாட்டார். இரண்டு போகம் அவ்வாறு போயிற்று. கடன் வளர்ந்தது. எவரிடமும் மனம் விட்டுப் பேசாத சுபாவம் அவருக்கு. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் அவர் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார்.

பங்குத்தந்தை வந்தார், திருப்பலி நிறைவேற்றினார், கல்லறைத் தோட்டம் வரை நடந்தே வந்தார். குறை எதுவும் இல்லை. ஆனால் திரும்பி வரும் வழியில் உறவினர் ஒருவர் மற்றவரிடம் சொன்ன சொல், பின்னால் நடந்துவந்த சிறுமியின் காதில் விழுந்தது. “தன் உசுரத் தானே போக்கிக்கிட்டவனுக்கு மோட்சம் ஏது?” அவள் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சொல்லைப் பற்றி அவள் யாரிடமும் பேசவில்லை.

இப்போது அவள் கல்லூரி மாணவி. சென்ற ஆண்டு எம் தங்கை எம்மை அழைத்து, “அண்ணே, இவ ராத்திரியெல்லாம் உக்காந்து பேய்ப் படமா வரையிறா. நீங்க வந்து என்னன்னு கேளுங்க” என்றாள். நாம் போனோம். கேட்பதற்கு முன் அவளோடு அமர்ந்து அந்த நாடகத்தின் சில அத்தியாயங்களைப் பார்த்தோம். பிறகு அவளே குறிப்பேட்டை எடுத்து வந்தாள்.

பக்கம் பக்கமாக விடுதி வாசிகள். வெண்மையும் இளஞ்சிவப்புமாகச் சிலந்தி உருவில் ஏஞ்சல் டஸ்ட். தொப்பி அணிந்த பாம்பு உருவில் சர் பென்ஷியஸ். சிவப்பு உடையில் கைகளை விரித்துக்கொண்டு வாசலில் நிற்கும் சார்லி. கடைசிப் பக்கத்தில் அந்த விடுதியின் படிக்கட்டில் ஒருவர் ஏறிக்கொண்டிருந்தார். மடித்துக் கட்டிய லுங்கி, தோளில் துண்டு, கையில் கவாத்துக் கத்தரி. யாரென்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் பக்கத்தில் இருந்த எல்லாருக்கும் கொம்போ வாலோ கூரிய பல்லோ இருந்தது; அவருக்கு மட்டும் இல்லை.

“இவருக்குக் கொம்பு வைக்கலியா தாயி?” என்றோம்.

“வைக்கக் கை வரல மாமா” என்றாள்.

சிறிது நேரம் கழித்து, நான்கு ஆண்டுகளாக அடக்கி வைத்திருந்ததைக் கேட்டாள். “அன்னிக்கு அவங்க சொன்னது நெசமா மாமா?”

அன்பர்களே, இந்தக் கேள்விக்கு நம் பதில் என்ன? ஆறுதலுக்காக எதையேனும் சொல்லி மழுப்பும் நேரம் அன்று அது. ஆகவே திருச்சபை என்ன சொல்கிறதோ அதையே அவளிடம் சொன்னோம்.

உயிர் இறைவனின் கொடை. அதை முடித்துக்கொள்ளும் உரிமை நமக்கில்லை. இது மாறாத போதனை. ஆனால் 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் அத்தோடு நின்றுவிடவில்லை. கடுமையான மனநோயும் வேதனையும் அச்சமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்று கூறுகிறது. தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டோரின் நிலைவாழ்வைக் குறித்து நாம் நம்பிக்கை இழக்கலாகாது, இறைவன் தாம் மட்டுமே அறிந்த வழிகளில் அவர்களுக்கு மனமாற்றத்தின் வாய்ப்பை அளிக்க வல்லவர், திருச்சபை அவர்களுக்காக மன்றாடுகிறது என்பதே அதன் 2283-ஆம் எண்ணின் கருத்து. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், தெளிந்த மனத்தோடு தற்கொலை செய்துகொண்டோருக்குத் திருச்சபை முறைப்படியான அடக்கத்தை மறுத்திருந்தது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் அந்தத் தடை இடம்பெறவில்லை. கல்லறைப் பாதையில் பேசியவர் பழைய காலத்துச் சட்டத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டார். திருச்சபையோ அன்று காலையில் அதே மனிதருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுத்திருந்தது.

ஆர்ஸ் ஊர்ப் பங்குத்தந்தை தூய ஜான் மரிய வியான்னியின் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. தன் கணவர் பாலத்திலிருந்து குதித்து இறந்துவிட்டார் என்ற துயரத்தோடு ஒரு கைம்பெண் ஆர்ஸுக்கு வந்தார். கூட்டத்தில் அவரைக் கண்ட புனிதர், அவர் வாய் திறக்கும் முன்பே, உம் கணவர் இழந்துபோகவில்லை என்றாராம். பாலத்துக்கும் தண்ணீருக்கும் இடையே மனம் வருந்த அவருக்கு நேரம் இருந்தது என்றாராம். இறக்கும் கணத்தில் இறைவனுக்கும் ஆன்மாவுக்கும் இடையே நடப்பதை நம்மில் யார் பார்த்திருக்கிறோம்?

இதைக் கேட்டுக்கொண்டே எம் தங்கை அடுப்படியிலிருந்து வந்து, மகளின் தோளுக்கு மேலாக அந்தப் படத்தை வெகு நேரம் பார்த்தாள். பேய்ப் படம் என்று இப்போது சொல்லவில்லை. “கத்தரிய எடது கையில குடுத்திருக்கியே. உங்கப்பா வலது கையிலதான் புடிப்பாரு” என்றாள். மகள் அழிப்பானை எடுத்துத் திருத்தத் தொடங்கினாள்.

இத்தகைய துயரில் இருக்கும் குடும்பங்கள் நம் பங்குகளில் பல உண்டு. மனச்சுமையால் தவிக்கும் ஒருவர் இன்றும் நம் அடுத்த வீட்டில் இருக்கலாம். அவரோடு அமர்ந்து பேசுவது முதற்கடமை. அரசின் டெலி மனஸ் சேவை 14416 என்ற எண்ணில் தமிழிலும் கிடைக்கிறது. அதை நம் அறிவிப்புப் பலகைகளில் எழுதி வைப்பதும் ஓர் அறச்செயலே.

இனி நாடகத்துக்குத் திரும்புவோம். அதன் ஆறாம் அத்தியாயத்தில் சார்லி விண்ணக மன்றத்தின் முன் நின்று தன் விடுதிக்காக வாதாடுகிறாள். ஓர் ஆன்மா விண்ணகம் வருவதற்கு என்ன தகுதி வேண்டும் என்ற கேள்வி அங்கே எழுகிறது. மன்றத்தில் இருக்கும் எவருக்கும் உறுதியான விடை தெரியவில்லை. அந்த அறியாமைதான் அக்கதையின் கூரிய முள். முதல் பருவத்தின் இறுதியில், ஒற்றனாக விடுதிக்குள் நுழைந்து, பிடிபட்டு, மன்னிப்புக் கேட்டுத் தங்கிவிட்ட சர் பென்ஷியஸ், நண்பர்களைக் காக்கத் தன்னையே இழக்கிறான். பின்னர் அவன் விண்ணகத்தில் கண் விழிக்கிறான். பார்த்துக்கொண்டிருந்த நமக்குக் கல்வாரி நினைவுக்கு வந்தது. இன்றே என்னோடு பேரின்ப வீட்டில் இருப்பாய் என்ற உறுதியை ஆண்டவர் எந்த நேர்மையாளருக்கும் அங்கே தரவில்லை. அருகில் தொங்கிய ஒரு குற்றவாளிக்கே தந்தார்.

ஆனாலும் அந்தக் கதையில் ஒரு பெரிய வெற்றிடம் இருக்கிறது. முதல் பருவம் முழுவதிலும் தந்தையாகிய கடவுள் எங்கும் தோன்றுவதில்லை. விண்ணகம் வெட்டுகிறது, இரக்கமோ நரகத்திலிருந்து எழ வேண்டியிருக்கிறது. வெட்டும் படையின் தலைவனாக வருபவன் யார் தெரியுமா? முதல் மனிதன் ஆதாம். கீழைத் திருச்சபையின் உயிர்ப்பு ஓவியத்தை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். அங்கேயும் பாதாளம் இருக்கிறது. உடைந்த கதவுகள்மேல் கிறிஸ்து நிற்கிறார். குனிந்து, ஒரு முதியவரின் மணிக்கட்டைப் பற்றித் தூக்குகிறார். தூக்கப்படும் அந்த முதியவரே ஆதாம். நாம் ஞாயிறுதோறும் நம்பிக்கை அறிக்கையைச் சொல்லும்போது ‘பாதாளத்தில் இறங்கினார்’ என்பதை எவ்வளவு விரைவாகக் கடந்து போகிறோம்! சார்லி தன் தந்தையின் நாட்டில் விடுதி திறந்தாள். நம் ஆண்டவரோ தம் தந்தையின் இல்லத்தைவிட்டு அந்தப் பாதாளத்துக்கே இறங்கிப் போனார். கதை தேடித் தவிக்கும் விடை இதுதான். ஆனால் கதைக்கு அது தெரியாது.

விடுதி என்ற உருவகமும் நமக்குப் புதிதன்று. நல்ல சமாரியர் உவமையில் குற்றுயிராய்க் கிடந்தவர் எங்கே கொண்டு செல்லப்பட்டார்? ஒரு சத்திரத்துக்கு. இரண்டு தெனாரியம் கொடுத்து, மேற்கொண்டு ஆகும் செலவைத் திரும்பி வரும்போது தருவேன் என்று வாக்களித்துப் போனார் சமாரியர். ஒரிஜனும் தூய அகுஸ்தினாரும் அந்தச் சத்திரத்தைத் திருச்சபை என்றே விளக்கினார்கள். உத்தரிக்கும் நிலையைப் பற்றிய நம் போதனையும் இதையொட்டியதே. இறைவனின் அருளில் இறந்தும் முழுத் தூய்மை அடையாதவர் அங்கே தூய்மை பெறுகிறார். அது முடிவான வீடன்று. வழியில் உள்ள தங்குமிடம். நாடகத்தின் விடுதியில் ஒருவர் தம் முயற்சியால் ஏறுகிறார். நம் சத்திரத்திலோ செலவை ஏற்பவர் வேறொருவர். இந்த வேறுபாட்டை நம் இளையோருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். நாமும் அந்தக் கதையைப் பார்த்திருந்தால்தான் அவர்கள் கேட்பார்கள்.

நரகம் உண்டு என்று திருச்சபை போதிக்கிறது. இறைவனை இறுதிவரை மறுக்கும் விடுதலை மனிதனுக்கு உண்டு என்பதே அதன் பொருள். ஆனால் எத்தனையோ பேரைப் புனிதர்கள் என்று அறிவித்த அதே திருச்சபை, இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று ஒருவரைக்கூடப் பெயர் சொல்லி அறிவித்ததில்லை. 2024 ஜனவரி 14 அன்று, இந்நாடகத்தின் முதல் பருவம் வெளிவருவதற்குச் சில நாட்களே இருந்தபோது, திருத்தந்தை பிரான்சிஸ் இத்தாலியத் தொலைக்காட்சிப் பேட்டி ஒன்றில் இதைத் தொட்டுப் பேசினார். நரகம் காலியாக இருப்பதாக நினைக்கவே தமக்கு விருப்பம் என்றார். இது விசுவாசப் போதனை அன்று, தம் சொந்த எண்ணம் என்றும் சேர்த்துச் சொன்னார். 2025 ஏப்ரலில் மறைந்த அந்த முதியவரின் ஆசை நம் எல்லாருடைய ஆசையாகவும் இருக்க வேண்டாமா? செபமாலையின் ஒவ்வொரு பத்து மணி முடிவிலும் எல்லா ஆன்மாக்களையும், சிறப்பாக இரக்கம் அதிகம் தேவைப்படுவோரை, விண்ணகம் சேர்க்குமாறு நாம் வேண்டுகிறோமே. அந்த வேண்டுதலில் யாரை விலக்கி வைத்திருக்கிறோம்?

கவாத்து முடிந்த திராட்சைப் பந்தலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இலையெல்லாம் போய், பழுப்பு நிறக் கம்புகள் கம்பியில் தொங்கும். வெளியூரார் பார்த்தால் பட்டுப்போன கொடி என்பார். தோட்டக்காரர் அப்படிச் சொல்லமாட்டார். சில நாட்களில் கணுவில் மொட்டு வெடிக்கும். ஏறத்தாழ நான்கு மாதத்தில் குலை தொங்கும். பட்டது எது, துளிர்ப்பது எது என்று சொல்லும் அறிவு கொடியை வளர்ப்பவருக்கே உரியது. தம் தந்தையைத் திராட்சைத் தோட்டக்காரர் என்று ஆண்டவர் அழைத்ததன் பொருள் நம் பள்ளத்தாக்கு மக்களுக்கு எளிதில் விளங்கும்.

நவம்பர் 2 அன்று கல்லறைத் தோட்டங்களுக்குச் சென்று மாலை சாத்தி, மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். நம் பெற்றோருக்கும் உற்றாருக்கும் ஏற்றுகிறோம். இந்த ஆண்டு ஒரு மெழுகுவர்த்தியைக் கூடுதலாக வாங்கிச் செல்வோம். ஊர் எவரைக் கைவிட்டதோ, எவர் பெயரைச் சொல்லும்போது குரல் தாழ்கிறதோ, அவர் கல்லறையில் அதை ஏற்றுவோம். அவருடைய பிள்ளைகள் அதைப் பார்க்கட்டும். நம் வீட்டுப் பிள்ளைகள் கொம்பும் வாலுமாக எதையேனும் வரைந்துகொண்டிருந்தால், திட்டும் முன் அருகில் அமர்ந்து, இது யார் என்று கேட்போம். அவர்கள் சொல்லும் பெயர் நமக்குத் தெரிந்த பெயராகவும் இருக்கலாம்.